கைதட்டக் கூடாத போட்டி: அச்சுவுடன் திருகோணமலைக்கு

போன மாசி மாதம் ஒரு சனிக்கிழமை, பத்து வயது மகளைக் கூட்டிக்கொண்டு வவுனியாவிலிருந்து திருகோணமலைக்குப் போனேன். மாற்றுத்திறனாளிகளுக்கான மெய்வல்லுநர் போட்டி ஒன்றைப் பார்ப்பதற்காக. இந்த வலைப்பதிவைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் பஸ் நேரம், பஸ் காசு, எந்தக் கடையில் பால் விடாத பிளேன்ரீ நல்லது என்று எழுதுகிற ஆள். வீட்டு விஷயங்களை இங்கே கொண்டுவருவதில்லை. இந்த முறை வீட்டு விஷயத்தை எடுத்துவிட்டால் பயணமே மிஞ்சாது. ஆகவே எழுதுகிறேன். பஸ் நேரமும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகளின் பெயர் அக்சரா. வீட்டில் அச்சு. ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். இரண்டு வருடமாகப் பொழுது பட்டால் வாசற்படியில் தடுக்குவாள். பக்கத்தில் நிற்கிற கதிரையில் மோதுவாள். புலமைப்பரிசில் பரீட்சைக்கு விழுந்து விழுந்து படித்துக் கண் கெட்டுப்போச்சு என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள், நாங்களும் நம்பினோம். போன ஆவணியில் கொழும்பில் ஒரு கண் டாக்டரிடம் காட்டினோம். அவர் பிள்ளையை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு எங்களுக்குச் சொன்னார். விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிற நோய். ஓரங்களில் தொடங்கி நடுவுக்கு வரும். பதினைந்து பதினாறு வயதுக்குள் முழுதாகப் போய்விடலாம், முன்பின்னாகவும் இருக்கலாம். மருந்து இல்லை.

வெளியே வந்தபோது அச்சு வாங்கில் இருந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். "என்னவாம் அப்பா?" என்றாள். "ஒண்டுமில்லயம்மா, சரியாகிடும். புதுக் கண்ணாடி போட்டாச் சரி" என்றேன். அந்தப் பொய்யைச் சொல்ல ஒரு நொடி எடுத்தது. திருப்பி எடுக்க ஆறு மாதமாக முடியவில்லை.

மனைவி சுதா முதல் நாளே சொல்லிவிட்டாள். "இஞ்சேருங்கோ, நீங்களே சொல்லுங்கோ. என்னால ஏலாது. நான் வாயைத் திறந்தா அழுதுபோடுவன்." நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் அடுத்த சனிக்கிழமை என்று தள்ளிக்கொண்டு போனேன். மாவட்டச் செயலகக் கச்சேரியில் என்னோடு வேலை செய்கிற ஒருவர் இந்தப் போட்டி பற்றிச் சொன்னபோதுதான் ஒரு யோசனை வந்தது. கண் தெரியாதவர்கள் ஓடுவதையும் பாய்வதையும் பிள்ளை முதலில் பார்க்கட்டும். பின்னேரம் கடற்கரையில் வைத்துச் சொல்லலாம். கசாயத்துக்கு முதல் கற்கண்டு கொடுக்கிற புத்தி. அவளிடம் சொன்ன காரணம் வேறு: கடல், மான், ஒரு விளையாட்டுப் போட்டி.

வவுனியா பஸ் நிலையத்திலிருந்து காலை 5.10க்குப் புறப்படுகிற பஸ். ஹொரவப்பொத்தானை வழி, ஏறத்தாழ 95 கிலோமீற்றர். எனக்கு 400 ரூபாய், அச்சுவுக்கு அரை ரிக்கற் 200. பஸ் நிலையத்தில் வெளிச்சம் போதாது. எனக்குப் போதும், அவளுக்குப் போதாது. என் சேட்டின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மிதிபலகையில் ஏறும்போது காலால் தடவிப் பார்த்தாள். பின்னால் நின்றவர் "கெதியா ஏறுங்கோ பிள்ளை" என்றார். கோபம் வந்தது, ஆனால் அவருக்கு என்ன தெரியும். ஏறி உட்கார்ந்து ஐந்து நிமிடத்தில் என் மடியில் தலைவைத்து உறங்கிவிட்டாள். யன்னலோர இடத்தில் நான்தான் இருந்தேன். குளிர் காற்று பிள்ளைக்குக் கூடாது என்று ஒரு சாட்டு.

ஹொரவப்பொத்தானையில் 6.30க்குப் பத்து நிமிடம் நிற்பார்கள். தேநீர் பரவாயில்லை, வடையைத் தவிருங்கள். அதற்குப் பிறகு காடு. முதலிக்குளம் தாண்டியதும் பஸ்ஸில் எல்லோரும் ஒரு பக்கம் எழுந்து "யானை, யானை" என்றார்கள். வீதியோரம், கல்லெறி தூரம்கூட இல்லை, ஒற்றை யானை. அச்சு துள்ளி எழுந்தாள். "எங்கயப்பா? எங்க?" நேராகப் பார்க்கிற இடம் மட்டும்தான் அவளுக்குத் துலக்கம். தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் தேடினாள். அவள் கண் அந்த இடத்துக்கு வந்தபோது அங்கே பற்றை மட்டும் அசைந்துகொண்டிருந்தது. "கண்டனியா?" என்று முன் இருக்கைப் பெண் கேட்டதற்கு "ஓம் அன்ரி" என்றாள். பொய் சொல்ல என்னிடம்தான் பழகியிருக்க வேண்டும்.

திருகோணமலை நகருக்கு 8.05. பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே மான்கள் நின்றன. புள்ளிமான், வீதியில் மாடு நிற்கிறது போல நிற்கும். ஒன்று வாழைப்பழத் தோலை அச்சுவின் கையிலிருந்தே தின்றது. அது நேர் முன்னால் நின்றதால் முழு மானும் அவளுக்குக் கிடைத்தது. இடியப்பமும் சம்பலும் சொதியும் இருவருக்கும் 380 ரூபாய். பிறகு ஓட்டோ.

போட்டி நடந்தது துறைமுகப் பக்கத்தில் ஒரு பாடசாலை மைதானத்தில். ஓட்டோக்காரர் கிண்ணியாக்காரர், வாய் ஓயாத மனிதர். மைதானத்தின் பெயரைச் சொன்னதும், "அங்க இண்டைக்கு ஏலாத ஆக்கள்ட விளையாட்டெல்லா?" என்றார்.

எனக்கு முகம் சுருங்கியது. அச்சு முன்னுக்குக் குனிந்து, "ஏலாத ஆக்கள் எண்டா எப்பிடி அங்கிள் ஓடுவினம்?" என்று கேட்டாள்.

"நல்ல கேள்விதான் மகள். போய்ப் பாத்திட்டு வந்து எனக்கும் சொல்லுங்க" என்று சிரித்தார். 250 ரூபாய் வாங்கினார். பேரம் பேசாமல் கொடுக்கலாம்.

அனுமதி இலவசம். எட்டு மணிக்குத் தொடங்கும் என்று சொன்ன போட்டி 9.40க்குத் தொடங்கியது. பிரதம விருந்தினர் வரவேண்டுமாம். அதுவரை சக்கர நாற்காலிக்காரர்களும் ஊன்றுகோல்காரர்களும் வெயிலில் அணிவகுத்து நின்றார்கள். கொட்டகை நிழல் முழுக்க விருந்தினருக்கான கதிரைகள், ஒன்றிலும் ஆள் இல்லை. நான் முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். பார்க்க வந்தவர்கள் முந்நூறு பேர்கூட இருக்காது. பாதிப் பேர் வீரர்களின் வீட்டுக்காரர்கள், மிச்சம் வெள்ளைச் சீருடையில் கூட்டிவரப்பட்ட பாடசாலைப் பிள்ளைகள்.

தொடங்கிய பிறகு நான் மைதானத்தைக் குறைவாகவும் அச்சுவைக் கூடவும் பார்த்தேன். ஒற்றைக் கைக்காரர்களின் ஓட்டத்துக்கு எழுந்து நின்று கத்தினாள். சக்கர நாற்காலி ஓட்டத்தில் இருவர் முட்டிக்கொண்டு வாய்ச்சண்டை பிடித்தபோது சிரித்தாள். பிறகு கண் தெரியாதவர்களின் நூறு மீற்றர். கண்ணை மூடிக் கறுப்புத் துணி கட்டிய நான்கு பேர், ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் கண் தெரிகிற ஒருவர். இருவரின் மணிக்கட்டையும் ஒரு சிறு நாடா இணைத்திருந்தது.

"ஏனப்பா கையைக் கட்டி இருக்கினம்?"

"அவர் இழுத்துக்கொண்டு போறேல்ல. பக்கத்தில ஓடிக்கொண்டு வழி மட்டும் சொல்லுறார்."

"இழுத்தா?"

"இழுத்தா வெளியில போட்டிடுவினம்."

அவள் ஓட்டம் முடியும்வரை அந்த நாடாவையே பார்த்தாள். சிரிக்கவும் இல்லை, கத்தவும் இல்லை. நினைத்தது நடக்கிறது என்று எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

பதினொன்றரைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. கண் தெரியாதவர்களின் நீளம் பாய்தல் நடந்துகொண்டிருந்தது. மணல் பள்ளத்துக்கு வலப்பக்கம், கயிற்றுக்கு அருகில், மரநிழலில் அச்சுவை இருத்திவிட்டு, வாசலில் நின்ற சைக்கிள்காரரிடம் ஐஸ் பக்கற் வாங்கப் போனேன். ஒன்று 40 ரூபாய். வரிசையில் கால் மணி நேரம். மைக்கில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்கள், தமிழிலும் சிங்களத்திலும். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மைக்கில் எந்நேரமும் யாரோ யாருக்கோ நன்றிதானே சொல்கிறார்கள்.

திரும்பி வந்தபோது ஒருவர் பாய ஆயத்தமாக நின்றார். முப்பத்தைந்து வயதிருக்கும், கறுப்பு மெலிந்த உடம்பு. எழுபத்திரண்டாம் இலக்கம். பெயர் அன்வர் என்றும், இறக்கக்கண்டிக்காரர் என்றும், அது அவருடைய கடைசிப் பாய்ச்சல் என்றும் பின்னர் தெரிந்துகொண்டேன். அப்போது இரண்டாவது இடத்தில் இருந்தார். முதலிடம் வருகிறவர்தான் கொழும்புப் போட்டிக்குப் போவார். மணல் பள்ளத்தின் மறுமுனையில் முக்காடு போட்ட ஒரு பெண் நின்று, கையைத் தட்டத் தட்ட "வாங்க, வாங்க, வாங்க" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சுற்றிநின்ற ஒருவரும் மூச்சு விடவில்லை.

எனக்கு வந்த எண்ணம் இதுதான்: என்ன சனங்கள் இவர்கள், அந்த ஒரு மனுசி மட்டும் தனியாகக் கைதட்டுகிறா, கூடத் தட்ட ஒருத்தருக்கும் மனமில்லையே. எங்கள் பாடசாலையில் இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டி என்றால், நீளம் பாய்கிறவன் ஓடத் தொடங்கும்போதே இல்லம் முழுவதும் சேர்ந்து தட்டும். மெதுவாகத் தொடங்கி, அவன் கால் வேகத்தோடு கூட்டிக்கொண்டே போகும். மூன்று வருடம் நீல இல்லத்துக்குக் கைதட்டல் தலைவன் நான். விளையாட்டு ஒன்றும் ஓடாது, கை மட்டும் நன்றாக ஓடும். இரண்டு ஐஸ் பக்கற்றையும் அச்சுவின் இரண்டு கையிலும் கொடுத்துவிட்டு, அன்வர் ஓடத் தொடங்கியதும் தட்டினேன். பலமாக, தாளம் பிசகாமல்.

"அப்பா! தட்டாதேங்கோ!" என்றாள் அச்சு. என் கையைப் பிடிக்க அவளுக்குக் கை இல்லை.

அன்வரின் ஓட்டம் வலப்பக்கம் சரிந்தது. அவர் என் பக்கமாக வந்தார். அந்தப் பெண் "நில்லுங்க! நில்லுங்க!" என்று அலறினார். அவர் என்னை நம்பி வந்து, நான் கூப்பிட்ட இடத்தை நோக்கிப் பாய்ந்தார். ஒரு கால் மணலிலும் மற்றது பள்ளத்தின் சீமெந்து விளிம்பிலும் விழுந்தது. விழுந்த சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது.

முந்நூறு பேரும் என்னைப் பார்த்தார்கள். என் கை இன்னும் தட்டுகிற நிலையிலேயே அந்தரத்தில் நின்றது.

இடைஞ்சல் ஏற்பட்டதால் இன்னொரு முறை பாயலாம் என்று நடுவர் சொன்னார். அன்வர் எழுந்து இரண்டு அடி வைத்துவிட்டு மணலிலேயே இருந்துவிட்டார். கணுக்கால் வீங்கிவிட்டது. கொழும்பு அவ்வளவுதான். அவரைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனார்கள். நான் அப்படியே மைதானத்தை விட்டு ஓடிவிடலாமா என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். அச்சுதான், "போய் மன்னிப்புக் கேக்கோணும் அப்பா" என்று என் சேட்டைப் பிடித்து இழுத்தாள்.

கொட்டகையில் அந்தப் பெண் அவருடைய காலை மடியில் வைத்திருந்தார். அன்வரின் மனைவி, ஹாஜரா. நான் வாயைத் திறப்பதற்கு முன்னமே, "கைதட்டின ஆள் நீங்களா?" என்றார். "மைக்கில மூணு தரம் சொன்ன. கண் தெரியிற மனிசருக்குக் காது இல்லயா?"

"பிழைதான், தங்கச்சி. ஐஸ் பக்கற் வாங்கப் போனனான், கேக்கேல்ல. எங்கட பழக்கம் தட்டுறதுதானே… பெரிய பிழை."

"எட்டு மாசம் காலைல எழும்பி நிலாவெளி மணலுல நான் கை தட்டித் தட்டிப் பழக்கின. நீங்க ஒரு நிமிசத்துல…" என்று நிறுத்திவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"விடு ஹாஜரா" என்றார் அன்வர். "தட்டுனா நல்லதெண்டு நெனச்சித் தட்டியிருக்காரு. நல்லாத்தான் தட்டுனீங்க அண்ணன். எனக்கே ரெண்டு ஹாஜரா நிக்கிற மாதிரி இருந்திச்சி." அவர் சிரித்தார். அவர் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அச்சு தன் கையிலிருந்த உடைக்காத ஐஸ் பக்கற்றை அவருடைய கணுக்காலில் வைத்துப் பிடித்தாள். அவர் திடுக்கிட்டு, "ஆரு?" என்றார்.

"அச்சு. அவற்ர மகள்."

"மகளா. எத்தனை வயசு?"

"பத்து." ஐஸ் பக்கற்றை மறுபக்கம் திருப்பி வைத்தாள். பிறகு கேட்டாள், "அங்கிள், நீங்கள் கடைசியா என்னத்தைப் பாத்தனீங்கள்?"

"அச்சு" என்றேன் நான்.

"கேக்கட்டும் அண்ணன்." அவர் முகத்தைக் கூரைப் பக்கம் நிமிர்த்தினார். "கடைசியெண்டு தெரிஞ்சி பாக்கல்லயே மகள். கண்ணுக்குள்ள அழுத்தம் கூடுற வருத்தம் எனக்கு. பதிமூணு வயசுல முழுசாப் போச்சி. டொக்டர் வாப்பாக்கு முன்னமே சொல்லிட்டாராம். வாப்பா எனக்குச் சொல்லல்ல. சரியாகிரும், சரியாகிரும் எண்டே சொல்லிட்டிருந்தாரு. பாவம், அவரும் என்ன செய்ற. ஆனா சொல்லியிருந்தா, உம்மாட மொகத்த நல்லா ஒருக்காப் பாத்து வெச்சிருப்பன். கடல் ஞாபகம் வருது. எங்கட தோணிட நெறம் ஞாபகம் வருது. உம்மாட மொகம் வருகுதில்ல மகள்."

கொட்டகைக்கு வெளியே அடுத்த போட்டிக்குப் பெயர் கூப்பிட்டார்கள். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சரியாகிடும். அதே சொல், எழுத்துப் பிசகாமல். கொழும்பு டாக்டரின் வாசலில் ஒரு தரம், பிறகு புதுக் கண்ணாடி போட்ட நாளில் ஒரு தரம், பிறகு கணக்கில்லை.

நாங்கள் எழும்பும்போது அச்சு பக்கத்தில் நின்ற கதிரையில் இடித்துக்கொண்டாள். பிடிக்கப்போன கை கதிரைக்கு ஒரு சாண் தள்ளிக் காற்றைப் பிடித்தது. ஹாஜரா அதைப் பார்த்தார். பிள்ளையின் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த மனுசி ஒவ்வொரு நாளும் கண் தெரியாத ஒருவரோடு வாழ்கிறவர், அவருக்கு விளக்கத் தேவையில்லை. அச்சு வாசலுக்குப் போனதும் மெல்லிய குரலில், "புள்ளைக்குத் தெரியுமா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். "சொல்லிருங்க" என்றார். அவருடைய குரலில் கோபம் இல்லை.

மதியம் மூன்று பேருக்குப் போதுமான சோறும் பாரை மீன் குழம்பும் 450 ரூபாய்க்குக் கிடைத்தது. என்னால் சாப்பிட முடியவில்லை. நாலே முக்காலுக்கு உட்துறைமுகக் கரைக்குப் போனோம். திருகோணமலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் நிலாவெளிக்கு ஓடுவார்கள். பின்னேரம் அமைதியாக இருக்க வேண்டுமென்றால் உட்துறைமுகம்தான். அலை இல்லை, தண்ணீர் குளம் மாதிரிக் கிடக்கும். எதிர்க்கரையில் மலை. தூரத்தில் இரண்டு கப்பல்கள். கரைக்கட்டின்மேல் நாலைந்து பேர் கைத்தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அச்சுவுக்கு இடப்பக்கம் உட்கார்ந்தேன்.

தொடங்குவதற்கு வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அதற்கு முன் அவள் தொடங்கினாள்.

"அந்த அன்ரி கேட்டவா, புள்ளைக்குத் தெரியுமா எண்டு. எனக்கு என்ன தெரியுமா?"

வாசலில் நின்ற பிள்ளைக்கு அது கேட்டிருக்கும் என்று நாங்கள் இரண்டு பேருமே நினைக்கவில்லை.

சொன்னேன். ஒளிக்கவில்லை. டாக்டர் சொன்னதை அவர் சொன்ன ஒழுங்கிலேயே சொன்னேன். பக்கங்கள் போய்க்கொண்டிருக்கின்றன, நடுவும் போகும், பதினைந்து பதினாறு வயதாகலாம், முந்தியும் ஆகலாம். அவள் கப்பலைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப கண்ணாடி?"

"கண்ணாடியால ஏலாது அச்சு."

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"ஆவணியில இருந்து."

விரலில் எண்ணினாள். ஆவணி, புரட்டாதி என்று உதடு அசைந்தது. "ஆறு மாசம்" என்றாள். அழுவாள் என்று காத்திருந்தேன். அவள் கோபமாகத்தான் சொன்னாள், "ஆறு மாசம் நான் சும்மா இருந்திட்டன் அப்பா. ஒண்டையும் வடிவாப் பாக்கேல்ல. பஸ்ஸிலயும் நித்திரை கொண்டிட்டன்."

ஒரு தகப்பன் பிள்ளையிடமிருந்து எதை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றுதான் நாங்கள் வளர்ந்திருக்கிறோம், அது அவளுடைய நன்மைக்கு என்று ஒரு சொல் சேர்த்துக்கொண்டால் போதும். நான் எடுத்தது ஆறு மாதப் பார்வை. அதை எங்கே போய் வாங்கிக் கொடுப்பேன்?

கண்ணீர் வந்தது. நான் துடைக்கவில்லை, துடைத்தால் கை அவள்மேல் படும். அவளுக்குப் பக்கப் பார்வை இல்லை. இடப்பக்கம் இருக்கிற நான் அழுவது தெரியாது. அந்த நோயால் எனக்குக் கிடைத்த ஒரே வசதி அது என்று நினைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதேன்.

கொஞ்ச நேரம் கழித்து, கப்பலிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். "அப்பா. எனக்குக் கேக்குது."

பிறகு என் மேல் சாய்ந்து அவளும் அழுதாள். தூண்டில்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டு, மரியாதையாகத் தன் தூண்டிலை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார். பொழுது மங்கத் தொடங்கும்வரை இருந்தோம். அவளுக்கு மங்குவது எங்களுக்கு மங்குவதைவிட அரை மணி நேரம் முந்தும். "இப்ப கப்பல் போச்சு" என்றாள். எனக்குக் கப்பல் நன்றாகத் தெரிந்தது. "ஓம்" என்றேன். எழும்பும்போது பழக்கத்தில் அவளுடைய கையைப் பிடித்து இழுத்தேன். "இழுக்காதேங்கோ, வெளியில போட்டிடுவினம்" என்றாள். கையை விட்டேன். அவள் என் முழங்கையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு நடந்தாள்.

அன்புவழிபுரத்தில் ஒரு வீட்டு மாடியில் அறை, 4500 ரூபாய், மின்விசிறியோடு. சுத்தம். மாடிப்படியில் விளக்கு இல்லை, அதைக் கவனியுங்கள். சுதா இரண்டு முறை அழைத்தாள். இரண்டு முறையும் மானைப் பற்றி மட்டும் சொன்னேன். அச்சுவும் மானைப் பற்றித்தான் சொன்னாள்.

இப்படி ஒரு போட்டிக்குப் பிள்ளையைக் கூட்டிப்போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். சொல்லப்பட்ட நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் பிந்திப் போனால் போதும். தொப்பியும் தண்ணீரும் கொண்டுபோங்கள், பார்வையாளர் பக்கம் ஒன்றிரண்டு மரநிழல்தான். மாசி, பங்குனி நல்ல காலம், மார்கழியில் மைதானம் சேறு. போட்டிக்காரர்களைக் காட்டிப் பிள்ளைக்குப் பாடம் நடத்தாதீர்கள். அவர்கள் எங்கள் பிள்ளைகளுக்குக் கற்கண்டாக இருப்பதற்கு வரவில்லை, வெல்ல வந்தவர்கள். மைக்கில் சொல்வதைக் கேளுங்கள். கண் தெரியாதவர் பாயும்போது, தயவுசெய்து, கைகளைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். எங்கே நின்று தட்டுகிறோம் என்று தெரியாதவனின் அன்பு ஆளை விழுத்திவிடும். அன்வரின் வீட்டு முகவரியை வாங்கியிருக்கிறேன். கால் சுகமானதும் போய்ப் பார்க்க வேண்டும். என்ன சொல்வது என்று இன்னும் தெரியாது.

ஞாயிறு காலை 6.45 பஸ்ஸில் திரும்பினோம். காலையில் திருகோணமலையிலிருந்து வரும்போது வெயில் முதுகுப் பக்கம், பார்ப்பதற்கு நல்லது. யன்னலோரம் அச்சு. அவள் உறங்கவில்லை. நெற்றியைக் கம்பியில் வைத்துக்கொண்டு, தலையை ஒரு ஓரத்திலிருந்து மற்ற ஓரத்துக்கு மெதுவாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், வீதி கூட்டுகிறவர் ஒரு இடம் விடாமல் கூட்டுகிற மாதிரி. முதலிக்குளத்தில் நானும் யானையைத் தேடினேன். இல்லை. முறிந்த கொப்புகள் மட்டும் கிடந்தன. அதையும் பார்த்தாள். வவுனியா வரும்வரை என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை. கதைத்தால் கவனம் சிதறும் என்று நினைத்திருப்பாள்.

வீட்டுக்கு வந்தபோது பத்து மணி. சுதா குசினியிலிருந்து ஈரக்கையோடு ஓடிவந்து கதவைத் திறந்தாள். "மான் கடிச்சதோ பிள்ளை?" என்று சிரித்துக்கொண்டே பையை வாங்கக் குனிந்தாள்.

அச்சு பையைக் கொடுக்கவில்லை. ஒரு அடி பின்னால் போய், சுதாவின் முகம் முழுதும் தன் பார்வைக்குள் வருகிற தூரத்தில் நின்றுகொண்டாள்.

"அம்மா, ஒருக்கா அசையாம நில்லுங்கோ" என்றாள்.

சுதா பிள்ளையின் தலைக்கு மேலால் என்னைப் பார்த்தாள்.

"அங்கால பாக்காதேங்கோ அம்மா. என்னைப் பாருங்கோ."